தெருவோரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்னும் பின்னும்: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

ஐப்பசி மழை தொடங்கியதும் சென்னைத் தெருக்களில் நாய்க்குட்டிகள் மிகுதியாகத் தென்படுகின்றன; தை மாதம் வரையிலும் இந்த நிலை நீடிக்கிறது. மழைநீர்க் கால்வாய் ஓரத்திலிருந்தும் நின்றுபோன வண்டிகளின் அடியிலிருந்தும் அவற்றை எடுத்து வருகிறவர்களில் பெரும்பாலோர், நான் பார்த்தவரையில், வசதி படைத்தவர்கள் அல்லர். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் பூக்கட்டி விற்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமே முதலில் குனிகிறார்கள். "உங்கள் பாடே பெரும்பாடாக இருக்கும்போது இதற்கும் சேர்த்து எங்கிருந்து செலவு செய்வீர்கள்?" என்ற கேள்வி அவர்களை விடாமல் துரத்துகிறது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். ஒரு நாட்டு நாயையோ பூனையையோ நலமாக வளர்ப்பதற்குப் பெரும்பணம் தேவையில்லை; ஆனால் இருக்கிற பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பது மிகவும் முக்கியம். தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் கருத்தடைக்கும் முதலில் செலவிட வேண்டிய சிறிய தொகையைத் தள்ளிப்போடும் வீட்டில்தான், பிறகு கடன் வாங்கி மருத்துவமனை வாசலில் நிற்க நேர்கிறது.

எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தனியாகக் கிடக்கும் குட்டி எல்லா நேரமும் கைவிடப்பட்ட குட்டி அன்று. தாய் நாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். உடனடி ஆபத்து எதுவும் இல்லையென்றால் சற்றுத் தொலைவில் நின்று இரண்டு மூன்று மணி நேரமாவது கவனியுங்கள். குட்டிகள் வயிறு நிறைந்து, சூடாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உறங்கினால் தாய் வந்துபோகிறது என்று பொருள். அப்போது செய்யத்தக்க உதவி, தாய்க்கு உணவு வைப்பதும் மழை படாத இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியோ சாக்கோ கொண்டு மறைப்பு அமைப்பதும்தான். எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி நோய்க்கும் எளிதில் ஆளாகும். கடிக்கும் வேகத்தை அடக்கிக்கொள்வதை உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடிக் கற்கும் வாய்ப்பையும் இழக்கும்.

குட்டியின் வயதைக் கண்டறிவது கடினமன்று. பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும். நான்கு வாரத்தில் தடுமாறாமல் நடந்து, குழைவான உணவை நக்கித் தின்னும். கண் திறக்காத குட்டியை எடுத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பாலூட்ட வேண்டியிருக்கும். பகல் முழுவதும் வேலைக்குச் செல்லும் வீட்டால் இதைத் தனியாகச் செய்ய இயலாது. அக்கம்பக்கத்தில் இருவர் மூவர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டால் இயலும்.

வளர்ந்த தெருநாயின் காது ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் அதற்கு ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்டுவிட்டது என்று பொருள். நலமாக இருக்கும் அத்தகைய நாயைத் தெருவிலிருந்து வேறு பகுதிக்குக் கொண்டுபோய் விடுவது மீட்பு ஆகாது. அறிமுகமில்லாத இடத்தில் மற்ற நாய்கள் அதனைக் கடித்துத் துரத்தும். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றே கூறுகின்றன.

கிளி, மயில், குரங்கு, ஆந்தை போன்றவை அடிபட்டுக் கிடந்தால் வீட்டில் வைத்து வளர்க்க எண்ணக் கூடாது. அவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாகவும் அமைதியாகவும் வைத்து, வனத்துறையிடம் சேர்ப்பதே சரி.

அடிபட்ட விலங்கைக் கையாளுதல்

வலியில் இருக்கும் விலங்கு, தனக்குச் சோறு வைத்த கையையே கடிக்கும். அது நன்றிகெட்டதனம் அன்று, அச்சம். எனவே நேராக முகத்துக்கு முன் குனியாமல், பக்கவாட்டிலிருந்து மெதுவாகப் பேசிக்கொண்டே அணுகி, தடித்த துணியையோ கோணிச் சாக்கையோ தலைமீது போர்த்துங்கள். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் மட்டும், கிழித்த துணிநாடாவால் வாயைச் சுற்றிக் கட்டி, காதுகளுக்குப் பின்னால் முடிச்சிடலாம். முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடும் என்பதால் கால்களைப் பிடித்துத் தூக்காமல், ஒரு பலகையிலோ விரித்த போர்வையிலோ உடல் வளையாதபடி நகர்த்தி ஏற்ற வேண்டும். இரத்தம் ஒழுகும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையிடையே தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் மீண்டும் பிரியும். மயக்கத்தில் இருக்கும் விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

உதட்டை உயர்த்தி ஈறுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சற்று நேரம் இருக்கிறது. வெளுத்துப்போயிருந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று கருதி, இருக்கிற வண்டியில் உடனே கிளம்ப வேண்டும்.

மீட்பு வண்டிக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் பெரும்பாலும் "நாய் ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது, வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வண்டி வரும்போது நாய் வேறெங்கோ ஊர்ந்து போயிருக்கும். தெருப்பெயர், அருகிலுள்ள கடை அல்லது கோயில், விலங்கின் நிறம், காயத்தின் படம் ஆகியவற்றை அனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை யாராவது ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். சென்னையில் 1959ஆம் ஆண்டு கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு நெடுங்காலமாக இப்பணியைச் செய்துவருகிறது. தெருநாய் தொடர்பாக மாநகராட்சியின் 1913 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில், முதன்மையாக ஆடுமாடுகளுக்காக இயங்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். எந்த அமைப்பிலும் கூண்டுகளும் ஆட்களும் குறைவு. வர இயலவில்லை என்று அவர்கள் சொன்னால் சினம் கொள்ளாமல், ஆட்டோவில் நீங்களே கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

புழு வைத்த புண்ணை நாம் அடிக்கடி பார்க்கிறோம். காதிலும் வாலடியிலும் ஈ முட்டையிட்டுப் புழு நெளியும் அந்தக் காட்சியைக் கண்டு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில், தொடக்கத்திலேயே கவனித்தால் குறைந்த செலவில் முற்றிலும் ஆறக்கூடிய காயம் இது. பெட்ரோல், பினாயில், சுண்ணாம்பு எதையும் ஊற்றாதீர்கள், சதை வெந்துவிடும். கால்நடை மருந்துக் கடைகளில் புழுப்புண்ணுக்கென்றே மருந்துத் தெளிப்பான் கிடைக்கிறது. கண், மூக்கு, வாய் ஆகியவற்றில் படாமல் அதை அடித்து, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, நாள்தோறும் தொடர வேண்டும். கண்ணுக்கு அருகிலோ காதின் ஆழத்திலோ இருந்தால் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும்.

உங்கள் உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ரேபிஸ் என்னும் வெறிநோய் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது; அறிகுறி தோன்றும் முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கக்கூடியது. குட்டிதானே கடித்தது, பல்தானே பட்டது, கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடப்படும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை செல்ல வேண்டும். ஒருநாள் கூலி போகிறதே என்று கடைசி ஊசியை விடுவது பெருந்தவறு. இரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை என்பதால், அதையும் மருத்துவரிடம் நீங்களே கேட்டுப் பெறுங்கள். அடிக்கடி தெருநாய்களைத் தொடுகிறவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள முடியும்.

காரணமின்றி எதையும் கடித்தல், வாயில் எச்சில் ஒழுகல், கீழ்த்தாடை தொங்குதல், குரல் மாறுதல், பின்னங்கால் தள்ளாடுதல் ஆகியவை தென்படும் நாயை யாரும் தொடக் கூடாது. அதன் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிட்டு ஆபத்தில் சிக்கியவர்கள் உண்டு.

முதல் பதினான்கு நாட்கள்

வீட்டில் வேறு நாய் இருந்தால், புதுக்குட்டியை 14 நாள் வேறு அறையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, குளியலறை மூலையிலோ தனியாக வைக்க வேண்டும். நான் இதைக் கற்றது ஒரு குட்டியின் உயிரைக் கொடுத்து. மழையில் நனைந்த குட்டியைக் கண்ட இரக்கத்தில், வீட்டிலிருந்த மூன்று மாதக் குட்டியோடு ஒரே சாக்கில் படுக்க வைத்தேன். ஐந்தாம் நாள் இரண்டுக்கும் வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் தொடங்கின. புதிது பிழைத்தது, வீட்டுக்குட்டி பிழைக்கவில்லை. அதற்குப் போட்டிருக்க வேண்டிய தடுப்பூசியை அடுத்த சம்பளத்துக்கென்று நான் தள்ளி வைத்திருந்தேன்.

அந்த நோயின் பெயர் பார்வோ. தடுப்பூசி போடாத குட்டிகளை மிகுதியாகக் கொல்வது அதுவே. கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமான பினாயிலுக்கு அது அஞ்சாது. இடத்தை முதலில் சோப்பால் கழுவிவிட்டு, பின்பு ஒரு பங்கு ப்ளீச்சிங் கரைசலுக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்துத் துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். குட்டி சோர்ந்து, உணவை மறுத்து, வாந்தி எடுக்கத் தொடங்கிய அன்றே மருத்துவரிடம் போனால் சலைன் ஏற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் காத்திருந்து இரத்தப்பேதியோடு போனால் செலவும் பெருகும், வாய்ப்பும் குறையும்.

குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் உணவு கொடுக்கக் கூடாது. முதலில் சூடு கொடுக்க வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடல் வெதுவெதுப்பான பிறகே பால். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியை உண்டாக்கும் என்பதால் நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவு நல்லது. குட்டியை மல்லாக்கப் படுக்கவைக்காமல், குப்புறக் கிடக்கும் நிலையிலேயே ஊட்டுங்கள். மூன்று வாரத்துக்குட்பட்ட குட்டிகளுக்கு ஒவ்வொரு முறை பாலூட்டிய பின்னும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் கழியும். தாய் நக்கிவிடுவதற்கு ஈடான வேலை இது. முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பணம் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது

குடற்புழு மருந்து மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் பெரிய காப்பு. நாய்க்குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், பின்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், எடைக்கேற்ற அளவில் மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் நிறையும்வரை தொடர வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டால் காப்பு முழுமை பெறாது. ரேபிஸ் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் தொடங்கி, பின்பு ஆண்டுதோறும். பூனைகளுக்குக் கூட்டுத் தடுப்பூசி வேறு வகை. ரேபிஸ் ஊசி அவற்றுக்கும் கட்டாயம்.

அரசு கால்நடை மருந்தகம் பசு, ஆடுகளுக்கு மட்டுமே என்று நகரத்தில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாயையும் பூனையையும் அங்கே பார்க்கிறார்கள். மருந்தகத்தில் ரேபிஸ் தடுப்பூசி இருப்பு உண்டா, எந்தக் கிழமையில் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தையும், விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான ஜூலை 6ஆம் நாளையும் ஒட்டி, அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் இலவச ரேபிஸ் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. அந்த நாட்களை நாட்காட்டியில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள். சென்னை மாநகராட்சி செல்லப்பிராணிகளுக்கென்று நடத்தும் சிகிச்சை மையங்கள் திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் பெறும் கட்டணம் 2025இல் ஆண்டுக்கு 50 ரூபாயாக இருந்தது. உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று தேவை என்பதால், அச்சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நோய்க்கும் அறுவை சிகிச்சைக்கும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெருந்துணையாக இருப்பவை கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள். 1903இல் தொடங்கி, இன்று சென்னை வேப்பேரியில் இயங்கும் கல்லூரியின் மருத்துவமனை அவற்றுள் மூத்தது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. இவை 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. தனியார் மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் இங்கே கட்டணம் மிகவும் குறைவு. எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும். ஆனால் காத்திருக்க வேண்டும். அரை நாளாவது ஒதுக்கி, காலையில் சீட்டுக் கொடுக்கத் தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். நாய்க்குக் கழுத்துப்பட்டையும் கயிறும், பூனைக்கு மூடியுள்ள கூடையும் கட்டாயம். பழைய சீட்டுகள், கொடுத்த மருந்துகளின் அட்டைகள், பேதியானால் ஒரு சிறு டப்பாவில் மலம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி எடுத்தது, சிறுநீர் போனதா என்பவற்றைத் தாளில் எழுதி வைத்தால், பயிற்சி மாணவர் கேட்கும்போது தடுமாற நேராது.

தனியார் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், கையிலுள்ள தொகையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதில் எந்த இழிவும் இல்லை. "ஐயா, என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. எது இன்றே செய்தாக வேண்டியது, எது இரண்டு நாள் பொறுக்கும் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மருத்துவத்தின் வரிசையை அந்தக் கேள்வி மாற்றியமைக்கிறது. பல மருத்துவர்கள் தேவையற்ற பரிசோதனையை விட்டு, அவசியமானதை மட்டும் எழுதுவதை நேரில் கண்டிருக்கிறேன். மருந்தை நிறுவனப் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுதித் தருமாறும் வேண்டலாம். நாய்களுக்கு எழுதப்படும் மருந்துகளில் பல மனிதர்களுக்கான மருந்துகளே என்பதால், அவை மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, உண்ணிக் காய்ச்சலுக்கு நான்கு வாரம் வரை கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு இந்த விலை வேறுபாடு ஒரு வீட்டின் பல நாள் பால் செலவுக்குச் சமமாக இருக்கும்.

ஆனால், மருத்துவர் எழுதாத மனித மருந்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும். நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகள் பூனைக்கு நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால் பினாயில் தெளித்த ஈரத்தரையில் அதை நடக்கவிடுவதும் தீங்கு.

உண்ணியைப் பற்றி மேலும் ஒன்று. காய்ச்சல், உணவு மறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவை உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சலின் அடையாளங்கள். உண்ணிகள் நாயின் மேல் மட்டும் இல்லை. சுவர் இடுக்கிலும் கட்டிலின் அடியிலும் முட்டையிட்டுப் பெருகுகின்றன. ஆகவே நாய்க்கு மருந்து போட்ட அன்றே படுக்கைச் சாக்கை மாற்றி, இடுக்குகளைக் கொதிநீரால் கழுவினால்தான் போட்ட மருந்துக்குப் பலன் உண்டு.

உணவுக்காகப் பைகளில் அடைத்து விற்கும் விலையுயர்ந்த தீனி கட்டாயமன்று. சோற்றோடு வேகவைத்த கோழி ஈரல், கழுத்துச்சதை, முட்டை, பூசணிக்காய் ஆகியவற்றை உப்பும் காரமும் இன்றிக் கொடுக்கலாம். கோழிக்கடையில் இவை மலிவாகக் கிடைக்கும். வெறும் தயிர்ச்சோற்றிலும் பால்சோற்றிலும் வளரும் நாய்க்குப் புரதம் போதாது. பூனைக்கோ இறைச்சியோ மீனோ இல்லாமல் உடல் நிற்காது. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், கருவாடு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சுவைக்காகச் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வைக்கும் பழக்கத்தால் வெங்காயம் நாள்தோறும் உள்ளே போவதைப் பலர் கவனிப்பதில்லை.

கருத்தடை

பெண் குட்டி என்பதற்காகவே தெருவில் விடப்படும் குட்டிகள் மிகுதி. "பெண்ணாக இருந்தால் வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது, ஏனென்றால் அந்த அச்சத்துக்குத் தீர்வு ஒரே ஒரு அறுவை சிகிச்சைதான். ஆறு மாதம் அளவில், முதல் பருவத்துக்கு முன் செய்துவிட்டால், பிற்காலத்தில் வரும் மடிக்கட்டி அபாயம் பெரிதும் குறைகிறது; கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்தும் நீங்குகிறது. அந்தச் சீழுக்கு நள்ளிரவில் செய்யும் அவசர அறுவை சிகிச்சையின் செலவையும், முன்கூட்டியே செய்யும் கருத்தடைச் செலவையும் ஒப்பிட்டால் எது சிக்கனம் என்பது விளங்கும். தெருவில் வாழும் நாய்களுக்கு உள்ளாட்சி அமைப்புகளின் திட்டத்தில் கருத்தடை இலவசம். வளர்ப்பு நாய்களுக்கு விலங்குநல அமைப்புகளும் கல்லூரி மருத்துவமனைகளும் குறைந்த கட்டணத்தில் செய்கின்றன. சிகிச்சைக்குப் பின் பத்து நாள் புண்ணை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் கூம்புப் பட்டை வாங்க இயலாதபோது, பழைய பனியனில் கால்களுக்குத் துளையிட்டு உடுத்திவிடலாம்.

தத்துக் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும்

எடுத்த குட்டியை வளர்க்க இயலாதபோது நல்ல வீடு தேடுவது நேர்மையான செயல். அதற்கு முன் குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் போட்டு, வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படத்தோடு வயது, பாலினம், குணம், குறைகள் ஆகியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். கேட்டு வருகிறவரின் வீட்டுக்கு நீங்களே குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எதையும் விசாரிக்காமலேயே பல செய்திகள் விளங்கிவிடும். குட்டி எங்கே படுக்கும், பகலில் யார் இருப்பார்கள், வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொண்டாரா, ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவார்கள் என்று கேளுங்கள். கருத்தடை செய்வதாக எழுத்தில் பெற்றுக்கொண்டு, முதல் மாதம் வாரம் ஒருமுறை படம் அனுப்பச் சொல்லுங்கள். "வேண்டாமென்று தோன்றினால் தெருவில் விடாதீர்கள், என்னிடமே திருப்பித் தாருங்கள்" என்ற வாக்கையும் கொடுத்துவிட்டு வாருங்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் பிறப்பித்த ஆணையிலும், தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இங்கே ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சில தத்துப் படிவங்கள் சொந்த வீடா, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டு, ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. நாள் முழுவதும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் மாடியில் சங்கிலியில் வாழும் நாயைவிட, இட்லிக்கடை அம்மாவின் காலடியில் படுத்திருக்கும் நாய்க்கு மனிதர் துணை மிகுதி. வருமானத்துக்குப் பதிலாக, நோய் வந்தால் எந்த மருந்தகத்துக்குப் போவீர்கள், அடுத்த ஊசி எப்போது என்று கேட்டால், விடை சொல்கிறவரின் அக்கறை வெளிப்பட்டுவிடும்.

எடுப்பவர்கள், வாடகை வீடானால் உரிமையாளரிடம் முதலில் பேசி ஒப்புதல் பெறுங்கள். மறைத்து வளர்த்து, மூன்று மாதம் கழித்து வீட்டைக் காலிசெய்வதா நாயை விடுவதா என்ற நெருக்கடியில் சிக்கிய குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். குரைப்பு, அசுத்தம் ஆகிய இரண்டும்தான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். விடியற்காலையிலும் இரவிலும் நடத்திச்சென்று, மலத்தைப் பழைய செய்தித்தாளில் எடுத்துப் போட்டால் அக்கம்பக்கத்தார் மெல்ல இணங்குவார்கள்.

முன்கூட்டிச் சேர்த்த பணம் இல்லாத வேளையில் உடல்நலம் கெட்டால், பிறரிடம் உதவி கேட்பதில் தவறில்லை. கேட்கும்போது மருத்துவச் சீட்டையும் செலவுக் கணக்கையும் காட்டி, முடிந்தால் பணத்தை நேரே மருத்துவமனைக்கே செலுத்தச் சொல்லுங்கள்; மிஞ்சியதைக் கணக்கோடு தெரிவியுங்கள். அடுத்த முறையும் அவர்கள் கொடுக்க முன்வருவது அந்தக் கணக்கினால்தான். தெருவில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து வாரம் பத்து ரூபாய் வீதம் ஒரு உண்டியலில் போட்டு வந்தால், ஓராண்டில் இரண்டு மூன்று நாய்களின் தடுப்பூசிக்கும் ஒரு ஆட்டோ சவாரிக்கும் போதுமானது சேரும்.

எவ்வளவு முயன்றும் குணமாகாத, வலி மட்டுமே எஞ்சிய நிலையை மருத்துவர் உறுதி செய்தால், அவர் கையால் வலியின்றி உறங்கச் செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பணம் இல்லாததால் நான் கொன்றுவிட்டேன் என்று ஓர் அக்கா அழுதபோது, அந்த நாயின் சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்திருந்ததை மருத்துவர் அவருக்கு மறுபடியும் விளக்கிச் சொன்னார். இத்தகைய விளக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, புரியும்வரை கேளுங்கள்.

கடைசியாக, இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் குட்டியின் பெயர், எடுத்த நாள், அன்றைய எடை. அடுத்த பக்கத்தில் குடற்புழு மருந்து கொடுத்த தேதியும் அடுத்தது வரவேண்டிய தேதியும். அதற்கடுத்துத் தடுப்பூசிகள், மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளோடு. பின்னட்டையில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் வேலைநேரமும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும், நாயை ஏற்றிச்செல்லச் சம்மதிக்கும் ஆட்டோக்காரரின் எண்ணும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.